இடப்பக்கம் மேல் மூலை

டிரைவருக்குத் தன் நிழல் மேல்கூட முழு நம்பிக்கை கிடையாது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார், மறுபடி போவார். கடையில் தராசு முள்ளைக் குனிந்து பார்ப்பார். யாராவது சிரித்துக்கொண்டே வணக்கம் சொல்லிவிட்டால் போச்சு, இவனுக்கு நம்மிடம் என்ன காரியம் ஆகவேண்டும் என்று வீடு வந்து சேரும்வரை மண்டையைக் குடைந்துகொள்வார். டிப்போவில் அவருக்கு சி.ஐ.டி. என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது யார் என்பதையும் அவர் இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருந்தார்.

கேலி ஒருபக்கம் இருக்கட்டும். இந்தச் சந்தேகம்தான் அவரை நல்ல பஸ் டிரைவராக ஆக்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். பச்சை விளக்கு விழுந்தாலும் பக்கத்துச் சாலைக்காரன் நிற்பான் என்று அவர் நம்ப மாட்டார். நடைபாதையில் சும்மா நிற்கிற ஆள் அடுத்த நொடியில் குறுக்கே பாய்வார் என்றே வைத்துக்கொண்டு ஓட்டுவார். மீசை சரியாக முளைக்காத வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர், தலை வெளுத்த பிறகும் ஒரு மனுஷன் மேல், ஒரு நாய்க்குட்டி மேல்கூட வண்டியை விட்டதில்லை. தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. இரண்டு தடவை பஸ் உரசிவிட்டது. முதலில் ஒரு விளக்குக் கம்பம். இடப்பக்கக் கண்ணாடி மடங்கிப் போயிற்று. சில வாரம் கழித்து நிறுத்தத்தில் இருந்த குப்பைத்தொட்டி. அதுவும் இடப்பக்கம். டிப்போ மேனேஜர் கூப்பிட்டு, "இன்னொரு தடவை ஆச்சுன்னா உங்களை வண்டியை விட்டு இறக்கிடுவேன். ஆபீஸ்ல உக்காந்து டிக்கெட் கட்டை அடுக்கிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார். ஓட்டுகிற இருக்கை போய்விட்டால் தான் யார் என்றே டிரைவருக்குத் தெரியாது. அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

தப்பு தன்னுடையதாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கண்ணாடியை யாரோ வேண்டுமென்றே திருப்பி வைத்திருக்கிறார்கள். யார்? மனைவியின் தம்பி அதே டிப்போவில்தான் மெக்கானிக். அந்த மச்சினனுக்கு ஒரு சிநேகிதன். அவன் இவருடைய ரூட்டுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைகிறவன். டிரைவர் இரண்டையும் கூட்டிப் பார்த்தார். விடை வந்துவிட்டது. கையும் களவுமாகப் பிடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டார்.

இத்தனைக்கும் அவர் பொழுதுபோக்க ஒரு கேமராவைக் கொடுத்ததே அந்த மச்சினன்தான். குப்பைத்தொட்டிச் சம்பவத்துக்குப் பிறகு அவர் காலை ஷிப்ட் முடிந்து வந்து, மதியம் முழுக்க வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கொண்டுவந்து வைத்தான்.

"நான் புதுசு வாங்கிட்டேன் மாமா, இது சும்மாதான் கிடக்கு. சாயங்காலம் ஆனா அக்காவை உக்கார வெச்சுக் குறுக்கு விசாரணை பண்றீங்களே, அதுக்குப் பதிலா கொல்லைப்பக்கம் வர்ற குருவியைப் படம் எடுங்க."

சும்மா கிடக்கிறதை ஏன் நமக்குக் கொடுக்கிறான் என்று டிரைவர் கேமராவை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத் திரை கீறல் விழுந்து மங்கிப் போயிருந்தது. அதில் ஒன்றும் தெரியாது. மேலே இருக்கிற சின்னக் கண்ணாடித் துவாரத்தில் வலது கண்ணை வைத்து, இடது கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். வேறு கோளாறு எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

கொல்லைப்புறம் என்பது ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல், ஒரு துணிக்கொடி, மூன்று பக்கம் சுவர், மூலையில் ஒரு எலுமிச்சைச் செடி. குழாயடியில் மனைவி மண் தட்டில் தண்ணீர் வைப்பாள். முதல்நாள் ஒரு சிட்டுக்குருவி வந்து தட்டின் விளிம்பில் உட்கார்ந்தது. ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் அது நாலு தடவை தலையைத் திருப்பி, யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டது. உலகத்தில் யாரையும் நம்பாத இன்னொரு ஜீவனை டிரைவர் அன்றுதான் நேரில் கண்டார். அந்த நிமிஷமே அவருக்குக் குருவியைப் பிடித்துப் போய்விட்டது.

மச்சினன் அவரைச் செல்போனில் ஒரு குழுவிலும் சேர்த்துவிட்டான். வீட்டுக்குப் பின்னால் வரும் பறவைகளைப் படம் எடுக்கிறவர்களின் குழு. அங்கே சொந்தப் பெயர் கிடையாது, எல்லோருக்கும் ஒரு பறவைப் பெயர்தான். டிரைவர் யோசித்து யோசித்து ஆந்தை என்று வைத்துக்கொண்டார். படத்தை ஓரம் வெட்டாமல் எடுத்தது எடுத்தபடி போட வேண்டும். பார்க்கிறவர்கள் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: நல்லது ஒன்று, குறை ஒன்று, அதைச் சரிசெய்ய வழி ஒன்று. வெறுமனே 'சூப்பர்' என்று எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு அங்கே இடமில்லை. புகழ்ச்சியை நம்பாத கூட்டம் என்பதால் அவருக்கு அந்தக் குழுவின் மேல் லேசாக மரியாதை வந்தது.

குழுவில் கரண்டிவாயன் என்று ஒருவர் இருந்தார். ஆணா பெண்ணா தெரியாது. யார் படம் போட்டாலும் முதலில் வந்து நிற்பது அவர்தான். டிரைவரின் குருவிப் படத்துக்கு அவர் எழுதினார்: "நல்லது: கால் விரல்கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. குறை: நின்றுகொண்டு எடுத்திருக்கிறீர்கள், முதுகுதான் தெரிகிறது, முகத்தைக் காணோம். வழி: தரையில் உட்காருங்கள். அதன் கண்ணும் உங்கள் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கட்டும்."

டிரைவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. எழுந்து போய் மூன்று சுவருக்கும் அப்பால் எட்டிப் பார்த்தார்.

"நான் நின்னுக்கிட்டு எடுத்தேன்னு இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"படத்தைப் பாத்தாலே தெரியாதாங்க?" என்றாள் மனைவி. அவள் துணிக்கடையில் சட்டை, பேண்ட் அளவு திருத்துகிறவள். ஒரு மனிதர் எந்தத் தோளில் பை மாட்டுகிறார் என்பதைச் சட்டையின் தேய்மானத்தில் சொல்லிவிடுவாள். அதனால் இதில் அதிசயப்பட அவளுக்கு ஒன்றும் இல்லை.

சந்தேகம் சந்தேகமாகவே இருக்க, டிரைவர் மறுநாள் தரையில் உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் இரண்டும் முனகின. ஆனால் படத்தில் குருவி இவர் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்பதுபோல நின்றது. அடுத்து, தட்டு சுவரை ஒட்டி இருப்பதால் சுவரின் அழுக்கெல்லாம் தெரிகிறது, முன்னால் நகர்த்துங்கள் என்றார் கரண்டிவாயன். நகர்த்தினார், பின்னணி மழுங்கிப் பறவை மட்டும் எடுப்பாகத் தெரிந்தது. வெயில் உங்கள் முதுகுக்கு வரும்வரை காத்திருங்கள், அப்போதுதான் அதன் கண்ணில் ஒளிப்புள்ளி விழும் என்றார். காத்திருந்தார், விழுந்தது. ஒரு கொண்டைக்குருவியின் கண்ணில் கடுகளவு சூரியன் மின்னுவதைப் பார்த்துவிட்டு டிரைவர் அன்று மனைவியிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் தூங்கப் போனார். அவளுக்குத்தான் கவலையாகிவிட்டது, உடம்புக்கு ஏதாவதோ என்று.

வினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. "குறை: இடப்பக்கம் மேல் மூலையில் கொடியில் தொங்கும் ஈரத்துணி. வழி: எடுப்பதற்கு முன் மூலைகளையும் ஒரு பார்வை பாருங்கள்." சரி, கவனிக்கவில்லை என்று டிரைவர் துணியை எடுத்துவிட்டார். அடுத்த படத்தில் அதே மூலையில் துடைப்பக் கட்டை. அதை உள்ளே கொண்டுபோய் வைத்தார். அடுத்த படத்தில் அதே மூலையில் பாதி மைனா, வால் மட்டும் வெளியே. கரண்டிவாயன் அலுத்துக்கொள்ளாமல் எழுதிக்கொண்டே இருந்தார்: "மறுபடியும் இடப்பக்கம் மேல் மூலை."

செல்போனில் பார்க்கும்போது டிரைவருக்கும் அதெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் எடுக்கும்போது அங்கே மைனா இல்லை. அவர் சத்தியம் செய்வார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அல்லவா பார்த்தார்! இருந்தது சுவர், வெறும் சுவர். அப்படியென்றால் மைனா எப்படி வந்தது? யாரோ உள்ளே வைக்கிறார்கள். இந்தக் காலத்தில் படத்தில் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். டிப்போவில் கண்ணாடியைத் திருப்பினார்கள், இப்போது வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டார்கள்.

பிறகு பூனை வந்தது. தேன்சிட்டு ஒன்று தட்டில் குளிக்கிற படம். துளித்துளியாகத் தண்ணீர் தெறிக்க, அவர் எடுத்ததிலேயே அதுதான் முதல் தரம். எடுத்த மறுநொடியே மனைவி எங்கிருந்தோ துடைப்பத்தை எறிய, சிட்டு பறந்துபோயிற்று; அதற்கு அவர் போட்ட கத்தல் தெருமுனை வரை கேட்டது. ஆனால் குழுவே பதறிப்போய் எழுதியது. சுவரின் மேல், இடப்பக்கம் மேல் மூலையில், ஒரு சாம்பல் பூனை உடம்பைச் சுருக்கிப் பாயத் தயாராக இருந்தது. பூனை பாயப் போகிற நேரத்தில் எப்படி உங்களால் இவ்வளவு நிதானமாகப் படம் எடுக்க முடிந்தது என்று ஒருவர் கோபமாகவே கேட்டிருந்தார்.

டிரைவர் கேமராவிலிருந்த கார்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானும் மாட்டிக்கொண்டு நேராக போட்டோ கடைக்குப் போனார். கடைக்காரர் கம்ப்யூட்டரில் படத்தைத் திறக்கும்போது அவருடைய விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கேயும் பூனை இருந்தது.

"இது கேமராவே எடுத்ததுதாங்க. யாரும் கை வெக்கல" என்றார் கடைக்காரர்.

"அப்போ கேமராவையே ஏதோ பண்ணித்தான் குடுத்திருக்கான்" என்றார் டிரைவர். கடைக்காரர் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் அக்காவைப் பார்க்க வந்தான். டிரைவர் பொறி வைத்துக் காத்திருந்தார். அவனை எதிரில் உட்கார வைத்து, "உன் போனைக் கொஞ்சம் குடு" என்று வாங்கி அலமாரி மேல் வைத்தார். பிறகு தன் போனிலிருந்து ஒரு படத்தைக் குழுவில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மச்சினன் டீ குடித்தான். சிறிது நேரத்தில் கரண்டிவாயனின் பதில் வந்துவிட்டது. டிரைவருக்கு முகம் தொங்கிப் போயிற்று. கரண்டிவாயன் இவன் இல்லை. ஆனால் அதற்காக விட்டுவிட முடியுமா?

"ஆள் வெச்சிருக்கியா?" என்றார்.

"என்ன மாமா?"

"பஸ்ல கண்ணாடியைத் திருப்பினது நீ. கேமராவில இல்லாததையெல்லாம் வர வெக்கிறதும் நீ. உன் சிநேகிதனுக்கு என் ரூட் வேணும், அவ்வளவுதானே? நேரா கேட்டிருக்கலாமே!"

மச்சினன் டம்ளரைக் கீழே வைத்தான். கேலி பேசுகிற முகம் எங்கோ போய்விட்டது. "உங்க வண்டியை நான் மத்த வண்டியெல்லாம் முடிச்சப்புறம் கடைசியா, நிதானமாப் பாப்பேன் மாமா. எங்கக்கா வீட்டுக்காரர் ஓட்டுற வண்டின்னு. அதுக்கு இதுதானா?" என்றான். போனை எடுத்துக்கொண்டு, அக்காவிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டான். மனைவி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். சண்டை போட்டிருந்தால் டிரைவருக்குத் தெம்பாக இருந்திருக்கும். அவள் டம்ளரை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் கரண்டிவாயனிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. டிரைவர் அதைப் படித்துவிட்டு, நல்ல சாட்சி சிக்கிவிட்டது என்று மனைவியிடம் கொண்டுபோய் நீட்டினார்.

"பாத்தியா? இப்பதான் குட்டு வெளிய வருது. எனக்குக் கண்ணு தெரியலையாம்! மேனேஜரோட ஆளு இவன். என்னை வண்டியை விட்டு இறக்கறதுக்கு இதுதான் வழின்னு புடிச்சிருக்கான்."

மனைவி வாங்கிப் படித்தாள். "குழுவில் சொல்ல வேண்டாம் என்று தனியே எழுதுகிறேன். நல்லது: உங்கள் பொறுமை. அது எனக்கு இல்லை. குறை: உங்கள் படங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தேன். இவ்வளவு கூர்ந்து பார்க்கிறவர் ஒரு பூனையைத் தவறவிட மாட்டார், அதுவும் எப்போதும் ஒரே மூலையில். குறை படத்தில் இல்லையோ என்று பயமாக இருக்கிறது. வழி: கண் டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள். என் அம்மாவுக்கும் இப்படித்தான், வலி ஒன்றும் இருக்கவில்லை." அவள் அதை இன்னொரு தடவை படித்தாள். முகம் மாறிப்போயிருந்தது.

"அந்தத் தேன்சிட்டு குளிச்சப்ப நான் துடைப்பத்தை எறிஞ்சேனே, எதுக்கு எறிஞ்சேன்?"

"என் படத்தைக் கெடுக்க. அன்னிக்கே கேட்டேன், நீ வாயைத் திறக்கல."

"நீங்க போட்ட கத்தல்ல எங்கேர்ந்து திறக்கறது? பூனையைத்தாங்க விரட்டினேன். சுவத்து மேல அவ்வளவு பெருசா உக்காந்திருந்துச்சு. நீங்களும் பாத்துக்கிட்டுதான் இருக்கீங்கன்னு நெனச்சேன்."

டிரைவர் போனை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "நீயும் சேந்துட்டியா அவனுங்களோட?" என்றார்.

இப்படிக் கேட்ட மனிதரை வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அவள் கேமராவை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். "நான் சொல்றதை நம்ப வேண்டாம். வாங்க, நீங்களே புடிங்க என்னை. எப்பவும் போல உக்காந்து தட்டை மட்டும் பாருங்க. கண்ணைத் தட்டை விட்டு எடுக்கக் கூடாது. நான் தெரிஞ்சதும் சொல்லுங்க."

வெயில் இன்னும் இருந்தது. டிரைவர் தரையில் உட்கார்ந்து, வலது கண்ணைத் துவாரத்தில் வைத்தார். இடது கண்ணை மூடிக்கொண்டார். இவள் என்ன தில்லுமுல்லு செய்தாலும் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டையே பார்த்தார். தட்டு தெரிந்தது. தண்ணீர் தெரிந்தது. பின்னால் சுவர். அவள் வரவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம்? வரலாமில்ல!" என்றார்.

"வந்துட்டேங்க." குரல் வெகு பக்கத்தில், முன்னாலிருந்து வந்தது. "துவைக்கிற கல்லு மேல நிக்கிறேன். சிவப்புத் துண்டை ஆட்டிக்கிட்டு இருக்கேன்."

டிரைவர் கண்ணைத் துவாரத்தோடு இன்னும் அழுத்தினார். துவாரத்துக்குள் சிவப்பு இல்லை. அங்கே கறுப்பாக ஒரு ஓட்டையாவது இருந்திருந்தால், மங்கலாகவாவது இருந்திருந்தால், அவர் எப்போதோ சந்தேகப்பட்டிருப்பார். அவரைப்போல் சந்தேகப்பட யாரால் முடியும்? ஆனால் அங்கே ஒரு குறையும் தெரியவில்லை. சுவர் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, சுத்தமாக, முழுசாக இருந்தது. இல்லாத சுவரை அவருடைய கண் அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தது. பார்வையைத் தட்டிலிருந்து எடுத்து மேலே இடப்பக்கம் திருப்பினார். மனைவி கல்லின் மேல் நின்று, கையைத் தூக்கித் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் கன்னம் நனைந்திருந்தது.

"கேமராவை வெச்சிடுங்க," என்றாள். "இப்ப ரெண்டு கண்ணையும் தொறந்துக்கிட்டுத் தட்டையே பாருங்க. நான் இடதுபக்கம் கதவுகிட்டேர்ந்து வர்றேன்."

இந்தத் தடவை துண்டு தெரிந்தது. அவள் குழாய்க்கு அருகில் வந்தபோது, சட்டென்று, எங்கிருந்தோ குதித்ததுபோல.

"இப்ப" என்றார்.

"இப்பதானா?"

"நீ இப்பதானே வந்தே?"

"நான் கதவுலேர்ந்து ஆட்டிக்கிட்டே வர்றேங்க."

டிரைவர் எழுந்திருக்கவில்லை. தட்டுக்கு ஒரு குருவி வந்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துப் போனது. அவர் நினைப்பில் நிறுத்தம் வந்தது. பஸ் இடப்பக்கம் ஒதுங்கும்போது அந்தக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் யார் நின்றிருந்தார்கள்? நினைவில்லை. நினைவில்லையா, பார்க்கவே இல்லையா? இத்தனை நாளும் நிறுத்தத்துக்கு நிறுத்தம் அவர் கண் வெறும் நடைபாதையை வரைந்து காட்டியிருந்தால்? உரசியது ஆளாக இல்லாமல் வெறும் தொட்டியாக இருந்தது அவருடைய திறமையால் இல்லை. அதிர்ஷ்டம், வேறொன்றும் இல்லை. ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவர் சந்தேகப்படாமல் விட்டது இந்த இரண்டு கண்ணைத்தான்.

"உன் தம்பிக்குப் போன் பண்ணணும்," என்றார் கடைசியில். "நான்தான் பேசணும். நாளைக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு என்னை அவன் வண்டியில கூட்டிட்டுப் போவானான்னு கேக்கறேன். நான் ஓட்டக் கூடாது." போனைக் கையில் எடுத்துக்கொண்டார். "அதுக்கு முன்னாடி மேனேஜர்."

மனைவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். மறுமுனையில் மேனேஜர் எடுத்தார்.

"சார், நாளைலேர்ந்து நான் வண்டி எடுக்கல."

"என்ன சி.ஐ.டி., லீவா? ஆள் பத்தலைன்னு தெரிஞ்சுதானே கேக்கறீங்க?"

"லீவு இல்ல சார். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. இடதுபக்கம்."

மேனேஜர் சிரித்தார். "யார் சொல்லிக் குடுத்தாங்க? வேற கம்பெனியில வேலை கிடைச்சிடுச்சா? இல்ல, அந்த ரெண்டு கேஸையும் இப்படிச் சொல்லித் தப்பிச்சுக்கலாம்னு பாக்கறீங்களா? போன மாசம்தானே, குப்பைத்தொட்டி கேஸுக்கு விளக்கம் கேட்டப்ப, எனக்குக் கண்ணு கழுகுக் கண்ணுன்னு எழுதிக் குடுத்தீங்க. இதுல வேற ஏதோ விஷயம் இருக்கு. எனக்குக் காதுல பூ சுத்தாதீங்க."

தன் வாயிலிருந்து காலமெல்லாம் வந்த வார்த்தைகளை டிரைவர் முதல் தடவையாக இன்னொருவர் வாயிலிருந்து கேட்டார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. நம்பாத ஆளிடம் உண்மையைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று மட்டும் தெரிந்தது.

"கண்ணு தெரியலைன்னு நீங்களே சொன்னதா எழுதிட்டேன்னா, அப்புறம் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. புரிஞ்சுதான் பேசறீங்களா?" என்றார் மேனேஜர்.

"புரியுது சார். எழுதிக்குங்க."

மறுமுனையில் சிரிப்பு நின்றுவிட்டது. "நெஜமாவா சொல்றீங்க?"

"நெஜமாத்தான் சார்," என்றார் டிரைவர். "என் சம்சாரம் எதிர்ல நின்னு கையை ஆட்டினா. நான் வெறும் சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."